ஹீட் பம்புக்கு அரசாங்கம் குடுத்த காசு: யாருக்கு வந்துச்சு, யாருக்கு வரல

மாசச்சூசெட்ஸ்ல நாங்க வாங்கின பழைய வீட்டோட பேஸ்மெண்ட்ல, வீட்டைச் சூடாக்கற எண்ணெய்க்குன்னு 275 கேலன் டேங்க் ஒண்ணு இருந்துச்சு. குளிர்காலத்துல அஞ்சாறு வாரத்துக்கு ஒரு தடவை லாரி வரும், டிரைவர் இறங்கி நீளமான ஹோஸை இழுத்துட்டு வந்து சுவத்துல இருக்கற குழாய்ல மாட்டுவாரு, எண்ணெய் உள்ள போகப் போக டேங்க்ல இருக்கற காத்து இன்னொரு குழாய் வழியா வெளிய வரும், அதுல ஒரு விசில் வச்சிருக்காங்க. சத்தம் கேட்டுட்டே இருந்தா இன்னும் இடம் இருக்கு, நின்னுடுச்சுன்னா டேங்க் நிறைஞ்சாச்சு. நம்ம குக்கருக்கு நேர் தலைகீழ். அந்த விசில் நிக்கறதுக்குள்ள நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் மனசுக்குள்ள கேலன் கணக்கைப் பெருக்கிட்டு இருப்போம், பில்லு கதவுல செருகினப்புறம் தான் யாரு கணக்கு சரின்னு தெரியும்.

2024ல அந்த ஆயில் ஃபர்னஸை எடுத்துட்டு ஹீட் பம்ப் போட்டோம். அதுலேர்ந்து தமிழ்ச்சங்க பொங்கல் விழாவுக்குப் போனாலும் சரி, பசங்க கிரிக்கெட் மேட்ச்சுக்குப் போனாலும் சரி, ஒரே கேள்வி தான்: "கவர்மெண்ட் எவ்ளோ குடுக்குது?" கேக்கறவங்க ஒரு நம்பரை எதிர்பார்க்கறாங்க, எனக்கோ பதில் சொல்ல அரை மணி நேரம் ஆகுது. ஏன்னா இது ஒரே பை கிடையாது. ஃபெடரல் டாக்ஸ் க்ரெடிட் ஒரு பை, ஃபெடரல் காசு மாநிலம் வழியா வர்ற ரிபேட் இன்னொரு பை, மாநிலமோ கரண்ட் கம்பெனியோ தர்ற ரிபேட் மூணாவது பை. மூணுக்கும் யாரு காசு, எப்போ கைக்கு வரும், யாருக்கு வராதுங்கறது வேற வேற. இதுல முதல் பை 2025 டிசம்பர் 31 ராத்திரியோட மூடியாச்சு, மத்த ரெண்டும் ஓடிட்டு இருக்கு. ஆனா "ஹீட் பம்ப் ஸ்கீம் முடிஞ்சுபோச்சாமே"ன்னு சொல்றவரும், "2,000 டாலர் இன்னும் வருமாமே"ன்னு சொல்றவரும் ஒரே வாட்ஸப் குரூப்ல தான் இருக்காங்க.

முதல்ல ஹீட் பம்ப்னா என்னன்னு ரெண்டு வரில சொல்லிடறேன். சென்னை வீட்டு ஸ்ப்ளிட் ஏசி இருக்குல்ல, அது ரூம்ல இருக்கற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது, அதையே திருப்பி ஓட்டினா வெளிய இருக்கற சூட்டை எடுத்து உள்ள தள்ளும், அவ்ளோ தான். மைனஸ் பத்து டிகிரில வெளிய ஏது சூடுன்னு கேப்பீங்க. இருக்கு, ஃப்ரீசருக்குள்ளேர்ந்தே சூட்டை எடுத்துத் தான ஃப்ரிட்ஜ் பின்னாடி தள்ளுது. சூட்டை புதுசா உண்டாக்காம இடம் மாத்தறதால, ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ரெண்டரை மூணு யூனிட் அளவு சூடு வரும், கடுங்குளிர்ல அது குறையும். ஏசியும் ஹீட்டரும் ஒரே மெஷின்ல. அமெரிக்காவுல 2022லயே கேஸ் ஃபர்னஸை விட ஹீட் பம்ப் எண்ணிக்கைல அதிகமா வித்துச்சு. அதனால இது ஏதோ சோதனைச் சரக்கு கிடையாது. சிக்கல் விலைல தான் இருக்கு. வீடு முழுசுக்கும் போட்டா எங்க ஊர்ல இருபதாயிரம் டாலருக்குக் கீழ வர்றது கஷ்டம்.

இப்ப டாக்ஸ் க்ரெடிட் கதை. வருமான வரிச் சட்டத்துல 25சின்னு ஒரு பிரிவு, 2005 எனர்ஜி சட்டத்துல பொறந்தது, 2006லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. அப்ப 10 சதவீதம், வாழ்நாளுக்கே மொத்தம் 500 டாலர், ஹீட் பம்புக்கு 300. 2007 முடிவுல காலாவதி ஆச்சு, 2008ல ஒண்ணுமே கிடையாது, 2009ல பொருளாதாரச் சரிவு வந்தப்ப ஒபாமா சட்டத்துல 30 சதவீதம் 1,500 டாலர்னு ஏத்தினாங்க, 2011ல மறுபடி பழைய 500க்கு இறக்கிட்டாங்க. அதுக்கப்புறம் காலாவதி ஆகறதும், பின்தேதி போட்டு உயிர் குடுக்கறதும்னே பல வருஷம் ஓடிச்சு. அப்புறம் தான் 2022 ஆகஸ்ட்ல இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் ஆக்ட், செனட்ல 50க்கு 50ன்னு நின்னு கமலா ஹாரிஸ் ஓட்டுல தப்பிச்சு, ஆகஸ்ட் 16ம் தேதி பைடன் கையெழுத்துப் போட்டது. அதுல 25சியை 30 சதவீதம் ஆக்கி, ஹீட் பம்புக்கு வருஷத்துக்கு 2,000 டாலர் வரைக்கும்னு வச்சு, வாழ்நாள் உச்சவரம்பைத் தூக்கி, 2032 வரைக்கும்னு போட்டாங்க. ஒரு கூத்து என்னன்னா புது ரேட்டு 2023 ஜனவரி 1லேர்ந்து தான். நியூஸைப் பாத்துட்டு 2022 செப்டம்பர்லயே அவசரமா மாட்டினவங்களுக்கு அதே பழைய 300 டாலர் தான் வந்துச்சு.

க்ரெடிட்ங்கற வார்த்தையைக் கேட்டதும் நம்ம ஊர் கேஸ் மானியம் மாதிரி பேங்க் அக்கவுண்ட்ல வந்து விழும்னு பல பேர் நினைச்சாங்க. அப்படி இல்ல. நீங்க அந்த வருஷம் கட்ட வேண்டிய வருமான வரிலேர்ந்து கழிச்சுக்கறது தான் இது. வரி 1,400 டாலர் தான்னா க்ரெடிட்டும் 1,400 தான், மிச்ச 600 டாலர் போயே போச்சு, அடுத்த வருஷத்துக்கும் எடுத்துட்டுப் போக முடியாது. இதுல இன்னொரு குழப்பம், "எனக்கு வருஷா வருஷம் ரீஃபண்ட் வருதே, அப்ப எனக்கு வரியே இல்லையே, க்ரெடிட் எப்படி எடுக்கறது"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. ரீஃபண்ட் வர்றது சம்பளத்துல மாசாமாசம் கூடப் பிடிச்சதைத் திருப்பித் தர்றது, அதுக்கும் நீங்க கட்டவேண்டிய மொத்த வரிக்கும் சம்பந்தம் இல்ல. ஐடில ரெண்டு பேரும் வேலை பாக்கற வீட்டுல வரி இல்லைங்கற பேச்சுக்கே இடம் இல்ல, முழு 2,000மும் வந்துச்சு.

எங்க கணக்கையே சொல்றேன். காண்ட்ராக்டருக்கு மொத்தம் 24,600 டாலர். மாநில ரிபேட் 10,000. கரண்ட் கம்பெனி வழியா வர்ற ரிபேட்டை மொதல்ல கழிச்சுட்டுத் தான் 30 சதவீதம் போடணும்ங்கறது ஐஆர்எஸ், அதாவது ஃபெடரல் வருமான வரித்துறை, வச்ச விதி, ஆக 14,600ல 30 சதவீதம் 4,380, ஆனா உச்சவரம்பு 2,000, அதோட முடிஞ்சுது. கடைசில கையை விட்டுப் போனது 12,600. பாதிக்குப் பாதி. இதுல ஒரு சூட்சுமம் இருந்துச்சு: அந்த 2,000 உச்சவரம்பு ஹீட் பம்புக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்கும் சேர்த்து. ரெண்டையும் ஒரே வருஷத்துல மாட்டினா ரெண்டாவதுக்கு ஒரு பைசா வராது. அதனால நாங்க வாட்டர் ஹீட்டரை 2025 மார்ச்சுக்குத் தள்ளி வச்சோம், அதுக்குத் தனியா 900 சொச்சம் டாலர் வரும். இன்சுலேஷன், ஜன்னல், எலெக்ட்ரிக் பேனல் இதுக்கெல்லாம் தனியா 1,200 டாலர்னு இன்னொரு வரம்பு, ரெண்டும் சேர்த்து வருஷத்துக்கு 3,200. கொஞ்சம் கொஞ்சமா பத்து வருஷம் வீட்டைச் சரி பண்ணிட்டே போகலாம்ங்கற திட்டத்துல எழுதின சட்டம் அது, மூணு வருஷத்துல முடிஞ்சு போச்சு.

பூமிக்குள்ள குழாய் இறக்கி சூடு எடுக்கற ஜியோதெர்மல் ஹீட் பம்புக்கு வேற பிரிவு, 25டி. அதுக்கு 30 சதவீதம் இருந்துச்சு, உச்சவரம்பே இல்ல, மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கும் எடுத்துட்டுப் போக முடிஞ்சுது, அதுவும் 2025 டிசம்பர் 31ஓட முடிஞ்சாச்சு. 40,000 டாலர் செலவுன்னா 12,000 கழிவு. ஆனா தோண்டறதுக்கு இடமும் காசும் வேணும், எனக்குத் தெரிஞ்சு எங்க வட்டத்துல யாரும் போடல.

2023 வருஷக் கணக்குக்கு மட்டும் 34 லட்சம் குடும்பங்கள் இந்த 25சி, 25டி ரெண்டுலயும் சேர்த்து 800 கோடி டாலருக்கு மேல எடுத்தாங்கன்னு ஐஆர்எஸ் சொன்னுச்சு. அதுல 600 கோடிக்கு மேல சோலார் வகையறாவுக்கு, ஹீட் பம்ப், ஜன்னல், இன்சுலேஷன் எல்லாம் சேர்ந்த 25சிக்கு 200 கோடி சொச்சம்.

இங்க தான் எனக்கு ஒரு உறுத்தல். எங்க பக்கத்து வீட்டுல ஒரு அம்மா, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், தனியா இருக்காங்க, ஸ்கூல்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. எங்க வீட்டு மெஷினைப் பாத்துட்டு, "குளிர்காலத்துல இதுலேர்ந்து புகை வருதே, ரிப்பேரா"ன்னு கேட்டுத் தான் பேச்சு ஆரம்பிச்சுது. அது புகை இல்ல, வெளி யூனிட் மேல படியற பனியை உருக்க மெஷின் கொஞ்ச நேரம் திரும்பி ஓடும், அப்ப வர்ற ஆவி. அவங்க வீட்டுலயும் ஆயில் தான், பாய்லர், ரேடியேட்டர். குளிருக்குப் பாதி ரூமை மூடி வச்சுட்டு கிச்சன்லயும் பெட்ரூம்லயும் மட்டும் இருக்கற ஆள். அவங்க ஓய்வூதியத்துக்கு வருமான வரி அநேகமா இல்ல, அதனால டாக்ஸ் க்ரெடிட்டும் இல்ல. எப்படியும் மெஷின் வாங்கியிருக்கக் கூடிய எனக்கு 2,000 டாலர், வாங்க வழியே இல்லாத அவங்களுக்குப் பூஜ்யம். வரில கழிச்சுக்கோன்னு சொன்னா வரி கட்டறவனுக்குத் தான கிடைக்கும்.

சட்டம் எழுதினவங்களுக்கு இது தெரியாம இல்ல, அதுக்குத் தான் அதே சட்டத்துல ரெண்டாவது பையை வச்சாங்க. வீட்டு மின்சாரமயமாக்கலுக்கு 450 கோடி டாலர், மொத்த வீட்டோட எனர்ஜி செலவைக் குறைக்கறதுக்கு இன்னொரு 430 கோடி. முதல் திட்டத்தைச் சுருக்கமா ஹியர்னு சொல்றாங்க. இதுல ஹீட் பம்புக்கு 8,000 டாலர் வரைக்கும், வாட்டர் ஹீட்டருக்கு 1,750, பேனலுக்கு 4,000, ஒயரிங்குக்கு 2,500, ஒரு வீட்டுக்கு மொத்தம் 14,000. அந்தந்த ஏரியாவோட நடு வருமானம் என்னவோ அதுல 80 சதவீதத்துக்குக் கீழ இருக்கறவங்களுக்கு அந்த வரம்புக்குள்ள முழுச் செலவும், 80லேர்ந்து 150 சதவீதம் வரைக்கும் பாதிச் செலவு, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எங்களுக்கு ஒண்ணும் இல்ல, நியாயம் தான். முக்கியமான விஷயம், இது வரியைச் சார்ந்தது இல்ல, பில்லுலயே கழிச்சுட்டுத் தான் மிச்சத்தை வாங்குவாங்க, காசை முன்னாடி போட்டுட்டு காத்திருக்க வேண்டாம்.

ரெண்டாவது திட்டம் வேற மாதிரி, மெஷினைப் பாத்து காசு இல்ல, குறைச்ச எனர்ஜியைப் பாத்து காசு. 20 சதவீதம் குறைச்சா 2,000 டாலர் வரைக்கும், 35 சதவீதம் குறைச்சா 4,000, குறைஞ்ச வருமானக் குடும்பத்துக்கு அதோட ரெண்டு மடங்கு. ஒரே வேலைக்கு ரெண்டு திட்டத்துலயும் வாங்கக் கூடாது.

ஏட்டுல நல்ல திட்டம். நடைமுறைல டாக்ஸ் க்ரெடிட்டுக்கு ஒரு ஃபார்ம் போதும், இதுக்கோ மாநிலம் ஒவ்வொண்ணும் விண்ணப்பிக்கணும், வருமானச் சான்றைச் சரிபாக்க அமைப்பு கட்டணும், காண்ட்ராக்டர்களைப் பதிவு பண்ணணும், ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவை காசு போகாம சாஃப்ட்வேர் எழுதணும். 2022 ஆகஸ்ட்ல கையெழுத்தான காசை முதல் முதலா மக்கள்கிட்ட கொண்டு போன மாநிலம் நியூயார்க், அதுவே 2024 மே கடைசில. சவுத் டகோட்டா எங்களுக்கு வேண்டாம்னே சொல்லிடுச்சு. மத்த மாநிலங்கள் 2024 கடைசில ஒவ்வொண்ணா ஆரம்பிக்கறதுக்குள்ள 2025 ஜனவரி 20ம் தேதி டிரம்ப் பதவியேத்து அன்னிக்கே இந்தச் சட்டத்துக் காசை நிறுத்தி வைக்கற உத்தரவைப் போட்டாரு, சில மாநிலங்கள் ஆரம்பிச்சதையே நிறுத்தி, அப்புறம் மறுபடி திறந்தாங்க. பணக்காரனுக்கான கதவு மூணு வருஷம் அகலத் திறந்திருந்துச்சு, ஏழைக்கான கதவோட தாழ்ப்பாளைத் திறக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு, இதை யாரும் திட்டம் போட்டுப் பண்ணல, ஆனா நடந்தது அது தான். ஒரு ஆறுதல், 2025 ஜூலை சட்டம் டாக்ஸ் க்ரெடிட்டை வெட்டுச்சே தவிர இந்த ரிபேட் காசை ரத்து பண்ணல. மாநிலங்களுக்கு 2031 செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்கு.

மூணாவது பைக்கு வருவோம், எங்க வீட்டுக்குப் பெரிய காசு வந்தது இங்கேர்ந்து தான். மாசச்சூசெட்ஸ்ல மாஸ் சேவ்னு ஒரு திட்டம், கரண்ட், கேஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தறது. 2024ல வீடு முழுசும் மாத்தினா 10,000 டாலர், அதோட வட்டியில்லாக் கடன் 25,000 வரைக்கும், ஏழு வருஷத் தவணை. நாங்க 14,600ஐக் கடனாவே எடுத்தோம், மாசம் 174 டாலர் போகுது, முன்னாடி குளிர்காலத்துல ஒரு லாரிக்குக் குடுத்ததை நினைச்சா வலிக்கல. 2025ல அது டன்னுக்கு 3,000 டாலர்னு மாறிச்சு, அதிகபட்சம் 10,000. 2026ல டன்னுக்கு 2,650, அதிகபட்சம் 8,500. டன்னுனா எடை இல்ல, நம்ம ஊர் ஒன்றரை டன் ஏசி சொல்றோமே அதே டன்.

இந்தக் காசு யாரு குடுக்கறது? நம்மளே தான். ஒவ்வொருத்தர் கரண்ட் பில்லுலயும் கேஸ் பில்லுலயும் எனர்ஜி எஃபிஷியன்சின்னு ஒரு கட்டணம் இருக்கும், அது தான் உண்டியல். 2025 ஜனவரி, பிப்ரவரில கேஸ் பில்லைப் பாத்து மாநிலம் முழுக்க ஜனங்க கொதிச்சுப் போய், கடைசில ரெகுலேட்டர்கள் மாஸ் சேவோட மூணு வருஷ பட்ஜெட்ல 50 கோடி டாலரை வெட்டிட்டாங்க, 500 கோடி 450 கோடி ஆச்சு. வாடகை வீட்டுல இருக்கறவரும் அந்தக் கட்டணத்தைக் கட்டறாரு, ஆனா ஹீட் பம்ப் போடறதா வேண்டாமான்னு முடிவெடுக்கறது வீட்டு ஓனர். எனக்கு வந்த 10,000ல அவரு காசும் கொஞ்சம் இருக்கு.

வடக்க மேய்ன் மாநிலம் இதை வேற மாதிரி பண்ணினாங்க. அங்க கேஸ் பைப் பல ஊருக்குப் போகவே இல்ல, ஆயிலை நம்பித் தான் பாதி மாநிலம். வருமானத்தைப் பொறுத்து ரிபேட், குறைஞ்ச வருமானத்துக்கு அதிகம், எல்லாருக்கும் கொஞ்சம். 2025க்குள்ள ஒரு லட்சம் ஹீட் பம்ப்னு இலக்கு வச்சு 2023லயே முடிச்சுட்டாங்க, அடுத்து 2027க்குள்ள இன்னும் 1,75,000ன்னு அறிவிச்சாங்க. குளிர்ல இது வேலை செய்யாதுன்னு சொல்றவங்களுக்கு நான் எடுத்துக் காட்டறது மேய்ன் தான், எங்களை விடக் குளிர் ஜாஸ்தி.

ரிபேட் பத்திப் பேசும்போது ஆடித்தள்ளுபடியை நினைக்காம இருக்க முடியல. நாங்க மூணு கொட்டேஷன் வாங்கினோம், அதே வீடு, அதே நாலு டன்: 21,500, 24,600, 34,000. மூணாவது ஆள் டேபிள்ல உக்காந்ததுமே பேப்பர்ல 34ஐ எழுதி, "மைனஸ் 10, மைனஸ் 2, உங்களுக்கு 22 தான்"னு வட்டம் போட்டாரு. வட்டத்துக்குள்ள இருக்கற நம்பரைத் தான் நம்ம கண்ணு பாக்கும். ரிபேட்டை மறைச்சுட்டு மொத்த விலையை மட்டும் வரிசையா எழுதிப் பாருங்க, எவன் ரிபேட்டைத் தன் பாக்கெட்ல போட்டுக்கறான்னு அப்பவே தெரிஞ்சுடும். 21,500க்கு வந்தவரு வீட்டோட சூட்டுத் தேவையைக் கணக்கே போடல, பழைய ஃபர்னஸ் மேல இருந்த ஸ்டிக்கரைப் பாத்து நாலு டன்னுன்னாரு, அவரை விட்டுட்டோம். மேனுவல் ஜேன்னு ஒரு கணக்கு முறை இருக்கு, ரூம் ரூமா அளந்து ஜன்னல், சுவர் எல்லாம் பாத்துப் போடறது, அதைப் பண்ணாம டன் சொல்றவரை நம்பாதீங்க. தேவைக்கு மேல பெருசா போட்டாலும் ஆன் ஆஃப் ஆகிட்டே இருந்து மெஷின் கெடும். டன் கணக்குல ரிபேட் வரும்போது ஒரு டன்னை ஏத்திச் சொல்ல ஆசை வரத்தான் செய்யும்.

சரி, காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்தாச்சு, மெஷின் மாட்டியாச்சு, ரிபேட் வந்துடுச்சான்னா, நாலு மாசம் ஆச்சு. ஹீட் பம்ப்ல வெளி யூனிட்டும் உள் யூனிட்டும் ஜோடியாத் தான் சோதிச்சு சர்டிஃபிகேட் குடுப்பாங்க, அந்த ஜோடிக்கு ஏஹெச்ஆர்ஐ நம்பர்னு ஒண்ணு உண்டு. எங்காளு வெளி யூனிட்டை ஆர்டர் பண்ணினது சரி, உள் யூனிட்டுக்கு ஸ்டாக் இல்லைன்னு அதே கம்பெனியோட பக்கத்து மாடலை மாட்டிட்டு, பில்லுல மட்டும் பழைய ஜோடி நம்பரையே போட்டு அனுப்பிட்டாரு. அப்ளிகேஷன் திரும்பி வந்துச்சு. நான் பேஸ்மெண்ட்ல டார்ச் அடிச்சு உள் யூனிட் பக்கவாட்டுல இருந்த சின்ன ஸ்டிக்கரை போட்டோ எடுத்துப் பாத்தா தான் தெரியுது கடைசி ரெண்டு எழுத்து வேற. நல்ல காலம் அந்த ஜோடியும் லிஸ்ட்ல இருந்துச்சு, புது பில் வாங்கி அனுப்பினப்புறம் செக் வந்துச்சு. லிஸ்ட்ல இல்லாம போயிருந்தா 10,000மும் போயிருக்கும், 2,000மும் போயிருக்கும், ஏன்னா ஃபெடரல் க்ரெடிட்டுக்கும் எல்லா ஹீட் பம்பும் சேரல, குறிப்பிட்ட மேல் படித் தகுதியைத் தாண்டின ஜோடிக்குத் தான். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்த நம்பரைக் கேட்டு வாங்குங்க, மாட்டின அன்னிக்கே ஸ்டிக்கரோட ஒத்துப் பாருங்க.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நானே உக்காந்து ஆன்லைன்ல வருமானக் கணக்கைப் போட்டேன். மாஸ் சேவ்லயே குறைஞ்ச வருமானத்துக்குத் தனி வழி இருக்கு, அதுல கிட்டத்தட்ட முழுச் செலவும் கிடைக்கலாம். ஆளு வந்து பாத்தாங்க. மொதல்ல வீட்டுச் சுவருக்கு இன்சுலேஷன் போடணும், ஓட்டை வீட்டுல ஹீட் பம்ப் போட்டு பிரயோஜனம் இல்ல, அதுவும் சரி தான். ஆனா சுவத்துக்குள்ள நூறு வருஷத்துப் பழைய பீங்கான் குமிழ் ஒயரிங், அது மேல இன்சுலேஷனைத் திணிச்சா தீப்பிடிக்கும், அதனால மொதல்ல ஒயரிங்கை மாத்தணும், அதோட பேனலும் சின்னது. ஒண்ணுக்கு உதவி இருக்கு, அதுக்கு முன்னாடி இன்னொண்ணு, அதுக்கு முன்னாடி வேறொண்ணு. "ஒரு மெஷினுக்காக வீட்டையே உடைக்கச் சொல்றியேப்பா"ங்கற மாதிரி என்னைப் பாத்து சிரிச்சாங்க. காசு எவ்ளோன்னு மட்டும் பேசற நாம இந்த வரிசையைப் பேசறதே இல்ல.

ரிபேட் வாங்கற விலையைத் தான் குறைக்கும், ஓட்டற செலவைக் குறைக்காது, இதையும் சொல்லணும். ஒரு கேலன் ஆயில்ல சுமார் 1,38,500 பிடியு (சூட்டை அளக்கற அலகு) சூடு, ஃபர்னஸ் 85 சதவீதம் தேறும்னு வச்சா வீட்டுக்கு வர்றது 1,17,700. ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்ட்டுக்கு சராசரி 2.7 மடங்கு தருதுன்னா சுமார் 9,200 பிடியு. ஆக ஒரு கேலன் ஆயிலுக்குச் சமம் கிட்டத்தட்ட 12.8 யூனிட் கரண்ட். எங்க பக்கம் யூனிட் 30 சென்ட்டுனு போட்டா 3.84 டாலர். ஆயில் கேலன் 3.84க்கு மேல இருந்தா லாபம், கீழ இருந்தா இல்ல. கேஸ் வச்சிருக்கறவங்களுக்கு, ஃபர்னஸ் 95 சதவீதம் தேறும்னு வச்சா, இதே கணக்குல ஒரு தெர்முக்கு, அதாவது ஒரு லட்சம் பிடியு கேஸுக்கு, 10.3 யூனிட், மூணு டாலருக்கு மேல, பெரும்பாலும் கேஸ் அதை விட மலிவு தான், அதனால கேஸ்லேர்ந்து மாறினா மாசச்சூசெட்ஸ் கரண்ட் விலைல பில்லு ஏறத்தான் செய்யும்னு நேராவே சொல்லிடறேன். வீடு முழுக்க சுவரடி எலெக்ட்ரிக் ஹீட்டர் இருக்கறவங்களுக்குத் தான் யோகம், சூடாக்கற பில்லு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கா கூட ஆயிடும். இந்த கரண்ட் விலைப் பிரச்சினை புரிஞ்சு தான் எங்க மாநிலத்துப் பெரிய கரண்ட் கம்பெனிகள் 2025 நவம்பர்லேர்ந்து ஹீட் பம்ப் வீட்டுக்கு நவம்பர் டு ஏப்ரல் தனியா குறைஞ்ச ரேட் குடுக்கறாங்க. என்னைக் கேட்டா ஒரு தடவை வர்ற 2,000 டாலரை விட வருஷா வருஷம் வர்ற இந்த ரேட் பெருசு. இதுக்கு ஹீட் பம்ப் இருக்குன்னு கரண்ட் கம்பெனில பதிஞ்சிருக்கணும், ரிபேட் வாங்கினவங்க கூட ஒரு தடவை பில்லைப் பாத்துக்கோங்க.

டாக்ஸ் க்ரெடிட் எப்படி முடிஞ்சுது? 2025 ஜூலை 4ம் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்ட பெரிய சட்டத்துல, 2032 வரைக்கும் இருந்ததை 2025 டிசம்பர் 31க்கு இழுத்துட்டாங்க. அன்னிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் காண்ட்ராக்டர்கள் வீட்டுல தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு தான். ஏற்கனவே அது மெஷினுக்குள்ள ஓடற பழைய ஆர்-410ஏ கேஸை விட்டுட்டு ஆர்-454பி மாதிரி புது கேஸுக்கு மாறின வருஷம், மெஷின் விலையும் ஏறிச்சு, ஆர்-454பி சிலிண்டருக்கும் தட்டுப்பாடு. காசைக் கட்டிட்டா போதும்னு நினைச்சு டிசம்பர்ல அட்வான்ஸ் குடுத்துட்டு ஜனவரில மாட்டினவங்களும் உண்டு. அவங்களுக்குக் கிடையாது. காசு எப்ப கட்டினீங்கங்கறது கணக்கு இல்ல, மெஷின் எப்ப மாட்டி முடிஞ்சுதுங்கறது தான் கணக்குன்னு ஐஆர்எஸ் ஆகஸ்ட்லயே தெளிவா சொல்லிடுச்சு.

ஆக இப்ப புதுசா போடறவங்க மாநில ரிபேட்டையும், வருமானம் பொருந்தினா ஹியரையும் தான் பாக்கணும், 2,000ஐ கொட்டேஷன்ல கழிச்சுக் காட்டற காண்ட்ராக்டர் இன்னும் இருந்தா அவரு பழைய பேப்பரை வச்சு ஓட்டறாருன்னு அர்த்தம். 2025ல மாட்டினவங்க 2026 ஏப்ரல் 15 கெடு வச்ச 2025 வருஷக் கணக்குல ஃபார்ம் 5695ஐச் சேர்க்கணும், அந்த வருஷக் கணக்குல புதுசா மெஷின் கம்பெனியோட நாலெழுத்து கோடும் கேக்கும், அது இல்லாம க்ரெடிட் வராது, கம்பெனி வெப்சைட்லயோ காண்ட்ராக்டர்கிட்டயோ கிடைக்கும். 2023லயோ 2024லயோ மாட்டிட்டு க்ரெடிட் எடுக்கவே மறந்தவங்க நான் நினைச்சதை விட நிறைய பேர் இருக்காங்க, ஒருத்தரு டாக்ஸ் பாக்கறவர்கிட்ட சொல்லவே இல்லையாம், அவரும் கேக்கலையாம். அது இன்னும் போகல. ஃபைல் பண்ணினதுலேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள 1040-எக்ஸ் போட்டுத் திருத்தலாம், 2024 ஏப்ரல்ல ஃபைல் பண்ணின 2023 கணக்குக்கு 2027 ஏப்ரல் 15 வரைக்கும் டைம். பில் தொலைஞ்சு போயிருந்தா காண்ட்ராக்டர்கிட்ட காப்பி கேளுங்க, மாடல் நம்பர் வெளி யூனிட்டோட பக்கவாட்டு ஸ்டிக்கர்லயே இருக்கும், எங்க வீட்டுல சுவரைப் பாத்த பக்கம் இருக்கு, பனியைத் தள்ளிட்டு போனை உள்ள விட்டுத் தான் போட்டோ எடுக்கணும்.